உப்புப் பாதை முடியும் ஊர்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் நன்றியறிதலுக்கு இலக்கணம். ஒருவனுடைய மான உணர்வைச் சீண்ட வேண்டுமானால், சோற்றில் உப்புப் போட்டுத்தான் உண்கிறாயா என்று கேட்டால் போதும். சுவை, நன்றி, மானம் ஆகிய மூன்றையும் ஒரே பொருளின் மீது ஏற்றி வைத்த மொழியில், அப்பொருளைப் பற்றிக் குறை கூறுவது எளிதன்று.

ஆயினும் வள்ளுவர் கூறியிருக்கிறார். அதுவும் மருந்து அதிகாரத்தில் அன்று. காமத்துப்பாலில், புலவி அதிகாரத்தில். 1302ஆம் குறளில் ஊடலை உப்புக்கு ஒப்பிடும் அவர், உணவில் உப்பு அமைந்திருப்பதைப் போல ஊடலும் அமைந்திருக்க வேண்டும் என்கிறார். அதனை நீளவிடுவது உப்புச் சிறிது மிகுந்தாற் போன்றது என்றும் சொல்கிறார். அந்தச் 'சிறிது' என்ற சொல்லில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். அள்ளி அள்ளிப் போட்டால் கறி கெடும் என்று சொல்ல ஒரு வள்ளுவர் வேண்டியதில்லை. சிறிது மிகுந்தாலே கெடும் என்பதுதான் அவர் கூற்று.

அப்படியானால் அமைந்த அளவு எது? அதனைத் தீர்மானிப்பது நாவா, உடலா? வள்ளுவர் பேசுவது நாவின் அளவைப் பற்றி. நாவின் அளவும் உடலின் அளவும் ஒன்றல்ல என்பதை மனித குலம் கண்டுகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அந்த வரலாற்றை, கடற்கரையே இல்லாத ஒரு மலைநாட்டை நடுவில் வைத்துச் சொல்ல முயல்கிறேன்.

சலைன் குப்பியின் கணக்கு

முதலில் ஒரு சிறு கணக்கு. மருத்துவமனையில் நோயாளியின் கையில் ஏற்றப்படும் அரை லிட்டர் சலைன் குப்பியை அனைவரும் பார்த்திருப்போம். அதில் 4.5 கிராம் உப்பு உள்ளது. லிட்டருக்கு 9 கிராம் என்ற இந்த அடர்வு, நம் குருதியின் உப்புத்தன்மைக்கு ஏறத்தாழ ஒத்தது. இந்த அடர்வைக் குலையாமல் காப்பதில் உடல் மிகுந்த பிடிவாதம் காட்டும். உப்பு மிகுந்தால் உடனே தாகம் எடுக்கிறது. குடித்த நீரை உடல் நிறுத்தி வைத்துக்கொள்கிறது. தேவைக்கு மேற்பட்ட 9 கிராம் உப்பு உடலில் தங்கினால், அதனுடன் சுமார் ஒரு லிட்டர் நீரும் தங்கியாக வேண்டும்.

இம்மிகையை வெளியேற்றும் பணி சிறுநீரகத்தினுடையது. ஆனால் சிறுநீரகம் இயல்பில் ஒரு கஞ்சன். உப்பு அரிதாகக் கிடைத்த காலத்தில் உருவான உறுப்பு அது. சேமிப்பதில் வல்லது, செலவழிப்பதில் அத்துணை வல்லதன்று. நாள்தோறும் மிகை வந்து சேரும்போது, அதனை வடித்து வெளியேற்றப் பலருடைய உடலில் குருதியின் அழுத்தம் உயர வேண்டியிருக்கிறது. உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கித் தாங்கிக் குழாய்ச் சுவர்கள் தடிக்கின்றன, இதயம் பருக்கிறது, சிறுநீரகமே பழுதுபடுகிறது. ஒருநாள் மூளையில் ஒரு குழாய் வெடிக்கிறது, அல்லது அடைபடுகிறது. பக்கவாதம் என்று நாம் அழைப்பது அதைத்தான். இது எல்லோருக்கும் ஒரே அளவில் நேர்வதில்லை. முதியோரும், சிறுநீரக நோய் உடையோரும், பிறப்பிலேயே உப்பினால் எளிதில் தாக்குறும் உடலமைப்பு உடையோரும் விரைவில் பாதிக்கப்படுகின்றனர். உப்பிட்டுப் பதப்படுத்திய உணவை மிகுதியாக உண்போருக்கு இரைப்பைப் புற்றுநோயும் கூடுதலாகக் காணப்படுகிறது.

வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஏறத்தாழ ஒரு சலைன் குப்பியின் உப்பு. உலக மக்கள் சராசரியாக உண்பதோ அதனினும் இருமடங்குக்கு மேல், 10.8 கிராம் அளவில் என்று அந்நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை மதிப்பிடுகிறது. ஆண்டுதோறும் சுமார் 19 இலட்சம் மரணங்கள் உப்பின் மிகையோடு தொடர்புடையவை என்பதும் அந்நிறுவனத்தின் மதிப்பீடே.

பழைய எச்சரிக்கைகள்

பழங்காலத்தவர் இதனை அறவே அறியாதிருந்தனர் என்று எண்ணிவிடக் கூடாது. சரக சம்ஹிதையின் விமான ஸ்தானம், மிகுதியாக உட்கொள்ளத் தகாதவை என மூன்று பொருள்களைக் குறிப்பிடுகிறது: திப்பிலி, காரம் எனப்படும் சாம்பல் உப்பு, உண்ணும் உப்பு. உப்பை மிகுதியாக உண்ணும் நாட்டினர் சோர்வுடையவர்களாகவும், தசையும் குருதியும் தளர்ந்தவர்களாகவும், துன்பம் தாங்கும் வலுவற்றவர்களாகவும் ஆவர் என்று கூறி, பாஹ்லிகம், சௌராஷ்டிரம், சிந்து, சௌவீரம் ஆகிய நாடுகளை எடுத்துக்காட்டுகிறது. அவர்கள் பாலோடு கூட உப்பைச் சேர்த்து உண்பார்கள் என்பது அந்நூலின் வியப்பு. வழுக்கையும் நரையும் திரையும் காலத்துக்கு முன்பே வந்துசேரும் என்றும் அச்சுறுத்துகிறது. காரணம் கூறும் முறை இன்றைய அறிவியலோடு பொருந்தாமல் இருக்கலாம். ஆனால் ஒரு நாட்டினரின் உணவுப் பழக்கத்தையும் அவர்களின் உடல்நிலையையும் அருகருகே வைத்துப் பார்க்கும் கண், இன்றைய ஆய்வாளரின் கண்தான். சீனத்தின் தொன்மையான மருத்துவ நூலான மஞ்சள் பேரரசரின் நூலும், உவர்ப்பு மிகுந்தால் நாடி உறைந்து தடைப்படும், நிறம் மாறும் என்கிறது.

இவ்வெச்சரிக்கைகள் ஏன் செவியேறவில்லை? மனித வரலாற்றின் பெரும்பகுதியில் உப்பின் மிகை பற்றி அல்ல, உப்பின் இன்மை பற்றியே மக்கள் அஞ்சினர் என்பதுதான் காரணம். சங்கப் பாடல்களைப் படித்தவர்களுக்கு உமணர்களைத் தெரியும். நெய்தல் நிலத்து உப்பை வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு, குடும்பத்தோடு உள்நாடு நோக்கிச் செல்பவர்கள். மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென்று அவர்கள் கூடுதல் அச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற செய்தியைப் புறநானூறு நமக்குத் தருகிறது. நெல்லுக்கு நிகராக உப்பை அளந்து மாற்றிய காட்சியை அகநானூற்றில் காண்கிறோம். நெல்லுக்கு நேராக நின்ற ஒரு பொருளை யார் மிகுதியாக உண்டிருக்க முடியும்?

பின்னாளில் அரசுகள் அதன்மேல் வரி விதித்தன. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் காந்தி தண்டிக் கடற்கரையில் உப்பை எடுத்ததும், அதே மாதத்தில் இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்து சென்று சட்டத்தை மீறியதும் அந்த வரிக்கு எதிராகத்தான். இங்கே ஒரு முரணைக் குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஏழையின் உப்புக்காக நடந்த அதே காந்தி, அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தென்னாப்பிரிக்காவில் உப்பைக் கைவிட்டுப் பார்த்தவர். கஸ்தூரிபாவின் உடல்நலத்துக்காக உப்பையும் பருப்பையும் விட்டுவிடுமாறு அவர் சொல்ல, உங்களிடம் சொன்னால் நீங்களே விடமாட்டீர்கள் என்று அம்மையார் மறுமொழி கூற, அந்தக் கணமே ஓராண்டுக்கு இரண்டையும் துறப்பதாக அவர் உறுதி பூண்டார். சத்திய சோதனையின் நான்காம் பாகத்தில் இதனை விரிவாகவே எழுதியிருக்கிறார். உப்பின் மீது மனிதனுக்கு உரிமை உண்டு. மனிதன் மீது உப்புக்கு உரிமை இல்லை. அவருடைய இரு செயல்களையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்.

கடலில்லா நாட்டின் உப்பு

நம் உமணர்களைப் போன்றோர் ஜப்பானிலும் இருந்தனர். இன்று நாகானோ மாகாணம் என்று அழைக்கப்படும் பகுதிக்குப் பழைய பெயர் ஷினானோ. ஜப்பானின் முதன்மைத் தீவின் நடுவே, உயர்ந்த மலைகளால் சூழப்பட்ட நாடு. கடற்கரை கிடையாது. ஜப்பானில் பாறை உப்பும் கிடைப்பதில்லை. கடல்நீரைக் காய்ச்சித்தான் உப்பு எடுத்தாக வேண்டும். ஆகவே ஷினானோவின் ஒவ்வொரு பிடி உப்பும் மலை ஏறி வந்தது. ஜப்பான் கடலோரத்து இதோயிகாவாவிலிருந்து மட்சுமோட்டோ நகரம் வரை சுமார் 120 கிலோமீட்டர் நீண்ட வழிக்கு இன்றும் 'உப்புப் பாதை' என்றே பெயர். கோடையில் எருதுகளின் முதுகில் உப்பு ஏறி வரும். பனி மூடிவிட்டால் மனிதர்களே முதுகில் சுமந்து மலை கடப்பார்கள். தெற்கே பசிபிக் கடலோரத்திலிருந்தும் வேறு பாதைகள் வந்தன. மட்சுமோட்டோவுக்கு அருகில் ஷியோஜிரி என்றோர் ஊர் உண்டு. உப்பின் முடிவு என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவார்கள். இரு கடல்களிலிருந்தும் வரும் உப்பு வந்து தீர்ந்துபோகும் இடம் என்பது ஊரார் சொல்லும் விளக்கம்.

பதினாறாம் நூற்றாண்டில் இந்நாட்டைப் பிடித்திருந்த தகேடா ஷிங்கெனைப் பணியவைக்க, தென்கடலோரத்துப் பகைவர்கள் உப்பு வருவதைத் தடுத்தனர். அப்போது ஷிங்கெனின் பெரும்பகைவனான உயெசுகி கென்ஷின், போர் வாளால் செய்ய வேண்டியது, உப்பால் அன்று என்று கருதி வடகடலிலிருந்து உப்பு அனுப்பியதாக மரபுக்கதை உண்டு. பகைவனுக்கு உப்பு அனுப்புதல் என்பது இன்றும் ஜப்பானிய மொழியில் வழங்கும் பழமொழி. கென்ஷின் உப்பைக் கொடையாக அனுப்பவில்லை, தன் நாட்டு வணிகரைத் தடுக்காமல் விட்டார், அவ்வளவே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. எப்படியாயினும் மட்சுமோட்டோவில் ஜனவரி மாதம் நடைபெறும் மிட்டாய்ச் சந்தை, முற்காலத்தில் உப்புச் சந்தையாக இருந்து மாறியது. உப்பு வந்த நாளைத் திருநாளாக்கிய ஊர் அது.

இத்துணை அரிய பொருளை அம்மக்கள் என்ன செய்தனர்? குளிர்காலத்தைக் கடந்தனர். மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும் நாட்டில் பசுங்காய் ஏது? இலையுதிர்காலத்தின் முடிவில் நொசாவானா என்ற கீரையைப் பெரிய மரத்தொட்டிகளில் உப்பிட்டு அடுக்கி வைப்பார்கள். சோயா அவரையை உப்போடு சேர்த்துப் புளிக்க வைத்த மிசோ விழுதுதான் அன்றாடக் குழம்புக்கு அடிப்படை. கடலிலிருந்து வரும் மீன் உப்பில் ஊறித்தான் வந்து சேரும். உப்பு இல்லையேல் அக்குளிரில் உயிர் இல்லை. ஆகவே அவர்களுடைய நா, உயிரைக் காக்கும் பொருளையே சுவையென்று கற்றுக்கொண்டது. பிறகு சாலைகள் வந்தன, இரயில் வந்தது, உப்பு மலிந்தது. ஊறுகாய்த் தொட்டி மட்டும் அப்படியே இருந்தது.

அளக்கும் கருவி வந்த பின்

உப்பின் தீங்கு கண்ணுக்குத் தெரிய, முதலில் குருதியின் அழுத்தம் கண்ணுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆங்கிலப் பாதிரியாரான ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு குதிரையின் நாளத்தில் குழாயைச் செருகி, குருதி எவ்வளவு உயரம் எழுகிறது என்று அளந்து 1733ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். மனிதனை அப்படி அளக்க முடியாது. இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896இல் கையில் பட்டை சுற்றி அளக்கும் கருவியை வெளியிட்டார். ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் 1905இல் அதனோடு நாடியொலியைக் கேட்கும் முறையைச் சேர்த்தார். இன்று நம் கையில் பட்டை சுற்றி மருத்துவர் செவி கொடுத்துக் கேட்பது அந்த ஒலியைத்தான்.

கருவி வந்த சில ஆண்டுகளிலேயே, 1904இல், பாரிஸில் அம்பார், போஜார் என்ற இரு மருத்துவர்கள் உப்பைக் குறைத்தால் நோயாளிகளின் அழுத்தம் குறைவதைக் கண்டு எழுதினர். ஆனால் மருத்துவ உலகம் அசையவில்லை. தடித்துப்போன குழாய்களின் வழியே குருதியைத் தள்ள உயர்ந்த அழுத்தம் இன்றியமையாதது, அதனைக் குறைப்பதே ஆபத்து என்று பல பெரிய மருத்துவர்கள் நம்பிய காலம் அது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கே 1944இல்தான் உப்புக் குறைந்த உணவு விதிக்கப்பட்டது. 1945 ஏப்ரல் 12ஆம் நாள் மூளையில் குருதிப் பெருக்கு ஏற்பட்டு அவர் இறந்தபோது அழுத்தம் 300ஐ எட்டியிருந்தது. உலகின் மிக வலிமை வாய்ந்த மனிதருக்கு அன்று அளிக்கக்கூடிய மருந்து ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அக்காலத்தில் ஒருவர் மட்டும் சோற்றைக் கொண்டு மருத்துவம் செய்துகொண்டிருந்தார். நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து வெளியேறி, அமெரிக்காவின் வட கரோலைனாவில் டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வால்டர் கெம்ப்னர். அரிசிச் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை. உப்பு அறவே கிடையாது. இதை நீண்ட நாள் உண்ணச் சொல்ல அவருக்கே துணிவில்லை. 1942இல் ஒரு பெண் நோயாளியை இரண்டு வாரம் கழித்து வருமாறு சொல்லி அனுப்பினார். அவருடைய ஜெர்மானிய உச்சரிப்பை அப்பெண் இரண்டு மாதம் என்று கேட்டுக்கொண்டார். இரண்டு மாதம் சோறும் பழமும் மட்டுமே உண்டு திரும்பி வந்தபோது, பெருத்திருந்த இதயம் சுருங்கியிருந்தது. விழித்திரையின் குருதிக் கசிவு மறைந்திருந்தது. ஒரு செவிப்பிழை மருத்துவத்தை முன்னே தள்ளியது. அந்த உணவில் புரதமும் கொழுப்பும் கூட மிகக் குறைவு. ஆகவே பெருமை முழுவதையும் உப்பின்மைக்கே கொடுத்துவிட முடியாது. உண்ணவும் அது கொடிய உணவு. நோயாளிகளை அதில் நிறுத்திவைக்க அவர் கையாண்ட கடுமை பிற்காலத்தில் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. நோயைப் புரிந்துகொள்ள உதவினாலும், ஊரே பின்பற்றக்கூடிய வழியன்று அது.

ஊர்களை நோக்கி நம்மைத் திருப்பியவர் லூயிஸ் டால் என்ற அமெரிக்க ஆய்வாளர். 1960இல் அவர் ஒரு வரைபடம் வெளியிட்டார். ஐந்து மக்கட்கூட்டங்கள்: அலாஸ்காவின் எஸ்கிமோக்கள், மார்ஷல் தீவினர், அமெரிக்கர், தென் ஜப்பானியர், வட ஜப்பானியர். உண்ணும் உப்பு ஏற ஏற, உயர் அழுத்தம் உடையோரின் விழுக்காடும் ஏணிப்படி போல ஏறியது. ஏணியின் உச்சியில் நின்றவர்கள் வட ஜப்பானியர். நாளொன்றுக்குச் சுமார் 26 கிராம் உப்பு. ஏறக்குறைய ஐந்தில் இருவருக்கு உயர் அழுத்தம். ஐந்தே புள்ளிகளைக் கொண்டு ஒரு கோடு வரைந்துவிடலாமா என்று அறிஞர்கள் கேட்டனர், நியாயமான கேள்வியே. ஆனால் ஜப்பானியர் அக்கோட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாதிருந்தது. 1951 முதல் 1980 வரை அந்நாட்டில் மரணத்தின் முதற்காரணம் பக்கவாதம். பனி நாடுகளில் அது மிகுதி. நாகானோவும் அவற்றுள் ஒன்று.

நாடகம் போட்ட மருத்துவர்

1945 மார்ச்சில், போர் முடியச் சில மாதங்களே இருந்தபோது, வகாட்சுகி தோஷிகாசு என்ற அறுவை மருத்துவர் டோக்கியோவிலிருந்து நாகானோவின் சாகு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். நோய் முற்றிய பிறகே உழவர்கள் மருத்துவமனைக்கு வந்தனர். வலியைப் பொறுப்பதே பெருமை என்பது அவர்கள் பண்பாடு. மருத்துவமனையில் உட்கார்ந்திருந்து பயனில்லை என்று கண்ட வகாட்சுகி, ஊர் ஊராகச் சென்றார். சொற்பொழிவை யாரும் கேட்கவில்லை. ஆகவே நாடகம் எழுதினார். மருத்துவர்களும் செவிலியரும் வேடம் கட்டி ஆடினர். சிரித்துக்கொண்டே மக்கள் தங்கள் நோயைப் பற்றி அறிந்தனர். தெருக்கூத்தால் ஊர் திருத்த முயன்ற நம் நாட்டவருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. 1959இல் யாச்சிஹோ என்ற கிராமம் முழுவதையும் ஆண்டுதோறும் சோதிக்கும் முறையைத் தொடங்கினார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு உடல்நலக் குறிப்பேடு கொடுக்கப்பட்டது. 1976இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

மருத்துவர் ஒருவரால் ஒரு மாகாணத்தின் நாவை மாற்ற முடியாது. அதைச் செய்தவர்கள் பெண்கள். ஊர்ச் செவிலிக்குத் துணையாக இல்லத்தரசிகள் கூடிப் பணியாற்றும் வழக்கம் 1945 வாக்கில் நாகானோவின் ஒரு கிராமத்தில் தொடங்கிப் பரவியிருந்தது. 1981இல் மாகாண அரசு உப்புக் குறைப்பு இயக்கத்தை அறிவித்தபோது, இத்தகைய தொண்டர்களே வீடு வீடாகச் சென்றனர். கையில் உப்பளக்கும் சிறு கருவி. அடுப்பில் இருக்கும் மிசோ குழம்பில் அதனைத் தோய்த்து, எண்ணைக் காட்டுவார்கள். உன் மாமியார் வைத்த குழம்பு தவறு என்று சொல்வது எந்த நாட்டிலும் கடினம். எண் சொன்னால் சற்று எளிது.

அவர்கள் சொன்ன அறிவுரையில் புரட்சி எதுவும் இல்லை. மிசோ குழம்பை நாளுக்கு ஒருமுறையாகக் குறையுங்கள். அதில் காய்களை நிறையப் போடுங்கள், நீர் தானே குறையும். கோதுமை இழைகளை உண்டபின் மிஞ்சும் சாற்றைக் குடித்து முடிக்காதீர்கள். சோயா சாற்றை ஊற்றாதீர்கள், தொட்டுக்கொள்ளுங்கள். கெம்ப்னரின் சோற்றுத் தவத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அங்கே உப்பு விலக்கப்பட்டது; இங்கே சிறிது குறைக்கப்பட்டது. வள்ளுவரின் சிறிது.

1980இல் நாளொன்றுக்குச் சுமார் 16 கிராம் உண்ட அம்மக்கள், சில ஆண்டுகளிலேயே 11 கிராம் அளவுக்கு இறங்கினர். பக்கவாதச் சாவுகள் குறைந்தன. 2010ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஆண்கள், பெண்கள் இருபாலரின் சராசரி வாழ்நாளிலும் ஜப்பானின் முதல் மாகாணமாக நாகானோ நின்றது. இதற்கு உப்பு மட்டுமே காரணம் என்று சொல்வது வரலாற்றுக்குச் செய்யும் பிழை. ஆண்டுதோறும் நடந்த சோதனை, அழுத்தத்தைக் குறைக்கும் புதிய மருந்துகள், குளிர்காலத்தில் வீட்டைக் கதகதப்பாக வைத்தது, நிறையக் காய்கறி, முதுமையிலும் வயலில் இறங்கும் வழக்கம் ஆகிய எல்லாவற்றுக்கும் பங்குண்டு. 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் கூட, உப்பு மிகுதியாக உண்ணும் மாகாணங்களுள் ஒன்றாகவே நாகானோ இருந்தது. நாவை ஒருமுறை திருத்திவிட்டால் போதும் என்பதில்லை; ஒவ்வொரு தலைமுறைக்கும் மீண்டும் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

ஐயங்களும் விடைகளும்

உப்பைக் குற்றம் சாட்டுவதில் அறிஞர்கள் எல்லோரும் ஒருமனப்பட்டவர்கள் அல்லர். 1988இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு, 32 நாடுகளில் 52 இடங்களைச் சேர்ந்த 10,079 பேரைச் சோதித்தது. அமேசான் காட்டின் யானோமாமி மக்கள் உணவில் உப்பே சேர்ப்பதில்லை. அவர்களுடைய சராசரி மேலழுத்தம் 100க்கும் கீழே; வயது ஏறினாலும் அது ஏறவில்லை. ஆனால் உப்பு மிகக் குறைவாக உண்ணும் நான்கு கூட்டங்களை நீக்கிவிட்டால், மற்ற இடங்களிடையே சராசரி அழுத்தத்தோடு உப்புக்குள்ள தொடர்பு மெலிந்துவிடுகிறது என்று எதிர்ப்பாளர்கள் சுட்டினர். வயதோடு அழுத்தம் ஏறும் வேகத்துக்கும் உப்புக்கும் உள்ள தொடர்பு அப்போதும் எஞ்சி நின்றது. மிகக் குறைவாக உண்போருக்கும் தீங்கு உண்டு என்று கூறும் ஆய்வுகள் 2014 வாக்கில் வெளிவந்தன. ஏற்கெனவே நோயுற்றவர்கள் குறைவாக உண்பதால் தோன்றும் மயக்கம் அது என்றும், ஒருவேளைச் சிறுநீரைக் கொண்டு உப்பைக் கணிக்கும் முறை பிழையானது என்றும் மறுப்புகள் எழுந்தன. 5 கிராமுக்கும் கீழே எவ்வளவு இறங்கலாம் என்ற விவாதம் தொடர்கிறது. 10 கிராம் நல்லதா என்ற விவாதம் இல்லை.

இரண்டு சோதனைகள் எனக்கு முக்கியமாகத் தோன்றுகின்றன. 1995இல் வெளியான முதலாவது, ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் சிம்பன்சிகளிடம் நடந்தது. பழமும் காயும் உண்டு வாழும் அவற்றின் உணவில் படிப்படியாக 15 கிராம் வரை உப்புச் சேர்க்கப்பட்டது. மேலழுத்தம் சராசரியாக 33 புள்ளி ஏறியது. உப்பை நிறுத்தியதும் சில மாதங்களில் இறங்கியது. சிம்பன்சிக்கு அலுவலகக் கவலையோ புகைப்பழக்கமோ கிடையாது. இரண்டாவது, 2021இல் சீனத்திலிருந்து வந்தது. 600 கிராமங்கள், சுமார் 21,000 பேர். பக்கவாதம் கண்டவர்கள், அல்லது அழுத்தம் மிகுந்த முதியவர்கள். பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்பு. மற்றவற்றுக்கு, கால்பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. ஏறத்தாழ ஐந்தாண்டு முடிவில், கலப்புப்பைப் பயன்படுத்திய கிராமங்களில் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் சிறுநீரக நோய் உடையோருக்கும் சிலவகை மருந்து உண்போருக்கும் பொட்டாசியமே ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேளாமல் அவர்கள் அவ்வுப்பை நாடலாகாது.

இலையின் ஓரம்

நம் வீட்டுக்குத் திரும்புவோம். நமக்குப் பனிக்காலம் இல்லை. ஆனால் பஞ்சகாலம் இருந்தது, மழைக்காலம் இருந்தது. கருவாடு, ஊறுகாய், வடகம், அப்பளம், மோர்மிளகாய் என நம் ஊறுகாய்த் தொட்டிகளும் ஒரு தேவையில் பிறந்தவையே. வெயிலில் வியர்வை வழிய ஏர் பிடித்தவனுக்குப் பழஞ்சோற்றோடு ஒரு துண்டு கருவாடு, இழந்த உப்பை மீட்டுத் தந்தது. அவன் பேரன் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து அதே அளவு உப்பை உண்கிறான். அதற்கு மேல் கடையில் வாங்கிய சிப்ஸ் பொட்டலத்தையும் பிரிக்கிறான். ஷினானோவின் மலைவாசிக்கு நேர்ந்ததும் இதுவே. தேவை போய்விட்டது, நா மட்டும் பழையதை நினைவில் வைத்திருக்கிறது.

ஆயினும் நா கல்லன்று. உப்பைச் சற்றே குறைத்து உண்டு வந்தால், இரண்டு மூன்று மாதங்களில் அக்குறைந்த அளவே அதற்குச் சுவையாகிவிடும், பழைய அளவு கரிக்கத் தொடங்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாகானோவின் பெண்கள் நம்பியது இதைத்தான்.

பல வீடுகளில் விருந்து இலையின் ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பை முதலில் வைப்பதுண்டு. மரியாதைக்காக என்பார்கள். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. ஓரத்தில் வைத்த உப்பு, உண்பவன் கையில் இருக்கும் உப்பு. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாமானால் இலையோடு போகும். சமைப்பவர் குறைத்துப் போட, வேண்டுபவர் ஓரத்திலிருந்து எடுத்துக்கொள்வது என்ற ஏற்பாட்டுக்கு நாம் திரும்பினால், எந்த விருந்தும் சுவை குன்றிவிடாது. உப்பு தீர்ந்துபோகும் ஊரென்று பெயர் பெற்ற ஷியோஜிரி இன்றும் அந்த மலைகளுக்கிடையே இருக்கிறது. உப்பு எந்த இடத்தில் முடிய வேண்டும் என்பதை அன்று மலையும் பனியும் தீர்மானித்தன. இன்று அதனைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் நாம்.